கடவுள் நல்லவர் என்றால் நிலநடுக்கம், சுனாமி எல்லாம் ஏன்? கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் சொல்லும் பதில் என்ன?

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் அன்று அனைத்து புனிதர்கள் பெருவிழா. காலை 9.30 மணியைத் தாண்டிய நேரம். தேவாலயங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. அப்போதுதான் தரை ஆடத் தொடங்கியது.

சில நிமிடங்களில் நகரத்தின் பெரும்பகுதி சரிந்தது. தப்பித்தவர்கள் திறந்தவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அங்கே சுனாமி வந்தது. விழுந்த மெழுகுவர்த்திகளாலும் அடுப்புகளாலும் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பல்லாயிரம் பேர் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள் தலையிலேயே கூரை விழுந்தது ஏன்? அதுவும் திருநாள் அன்று? இந்தக் கேள்வி ஐரோப்பா முழுக்க எழுந்தது. கடவுள் நம்பிக்கையை அறிவால், தர்க்கத்தால் நியாயப்படுத்த முயன்ற அத்தனை பேரும் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி இது. இன்று வரை அது முடியவில்லை.

இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் என்னென்ன? அவற்றில் எது நிற்கிறது, எது தடுமாறுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

'அப்பாலஜெடிக்ஸ்' என்றால் என்ன?

கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிரான கேள்விகளுக்கு அறிவு ரீதியாகப் பதில் சொல்லும் துறைக்கு 'அப்பாலஜெடிக்ஸ்' என்று பெயர். பெயரைக் கேட்டதும் மன்னிப்பு கேட்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். 'அப்போலோஜியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, நீதிமன்றத்தில் குற்றம்சாட்டப்பட்டவர் தன் தரப்பில் வைக்கும் வாதம் என்று அர்த்தம்.

தொடக்கத்தில் இது நிஜமாகவே உயிர்ப் பிரச்னையாகத்தான் இருந்தது. ரோமானியப் பேரரசில் அரசு வணங்கும் தெய்வங்களை வணங்க மறுத்ததால் கிறிஸ்தவர்களை 'நாத்திகர்கள்' என்று குற்றம்சாட்டினார்கள். கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் என்ற தத்துவ ஆசிரியர், பேரரசர் அன்டோனினஸ் பயஸுக்கு ஒரு விளக்க மனு எழுதினார். 'எங்கள் மேல் சொல்லப்படும் குற்றங்களை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்' என்பதுதான் அதன் சாரம். பிற்பாடு ஜஸ்டினுக்கே மரண தண்டனை கிடைத்தது. வரலாறு அவரை 'தியாகி ஜஸ்டின்' என்றே அழைக்கிறது.

பைபிளில் பேதுருவின் முதல் நிருபமும் இதைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருங்கள், அதைச் சாந்தமாகச் செய்யுங்கள் என்கிறது. இந்தச் 'சாந்தமாக' என்ற நிபந்தனை இந்தக் கட்டுரையின் கடைசியில் முக்கியமாகிறது.

கேள்வியின் தர்க்கம் எப்படி வேலை செய்கிறது?

உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இது மூன்று வரிக் கணக்கு.

1. கடவுள் எல்லாம் வல்லவர்.
2. கடவுள் முழுமையாக நல்லவர்.
3. உலகத்தில் தீமையும் துன்பமும் இருக்கின்றன.

துன்பத்தைத் தடுக்க கடவுளுக்கு விருப்பம் இருந்தும் முடியவில்லை என்றால், அவர் எல்லாம் வல்லவர் இல்லை. முடிந்தும் விருப்பம் இல்லை என்றால், அவர் நல்லவர் இல்லை. விருப்பமும் இருக்கிறது, வல்லமையும் இருக்கிறது என்றால், அப்போ துன்பம் எங்கிருந்து வந்தது?

கிறிஸ்துவுக்கு முன்பே வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் இப்படிக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. எபிகூரஸ் எழுதியதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. இந்த வாதம் அவர் பெயரில் காப்பாற்றப்பட்டது, நான்காம் நூற்றாண்டு கிறிஸ்தவ எழுத்தாளர் லாக்டான்ஷியஸின் புத்தகத்தில்தான். அதை மறுப்பதற்காகவே அவர் எடுத்து எழுதினார். மறுக்கப் போனவரே அந்த வாதத்துக்கு ஆயுள் கொடுத்துவிட்டார். பின்னாளில் ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹியூம் இதே கேள்வியைக் கையில் எடுத்தார். அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1779-ல், இயற்கைச் சமயம் பற்றிய அவருடைய உரையாடல் நூல் வெளியானது.

அகஸ்டின், அக்வினாஸ் சொன்ன பதில் என்ன?

முதல் பெரிய பதில் அகஸ்டினுடையது. வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர், காலம் 354 முதல் 430 வரை. இளம் வயதில் அவர் மானிக்கேய மதத்தில் இருந்தார். நன்மைக்கு ஒரு சக்தி, தீமைக்கு ஒரு சக்தி, இரண்டும் சண்டை போடுகின்றன என்பது அந்த மதத்தின் கொள்கை. அதிலிருந்து வெளியே வந்த அகஸ்டின் வேறு மாதிரி யோசித்தார்.

தீமை என்பது தனியாக இருக்கும் ஒரு பொருள் இல்லை, அது ஒரு குறை என்றார் அவர். வெளிச்சம் இல்லாததைத்தான் இருட்டு என்கிறோம். ஆரோக்கியம் கெட்டுப்போவதைத்தான் நோய் என்கிறோம். அதே போலத்தான் தீமையும். கடவுள் படைத்தது எல்லாம் நல்லது. சுதந்திரமாகப் படைக்கப்பட்டவர்கள் அந்த நன்மையை விட்டு விலகும்போது தீமை உண்டாகிறது. எனவே தீமையைக் கடவுள் 'படைக்கவில்லை' என்பது அவர் வாதம்.

அடுத்து 13-ம் நூற்றாண்டு இத்தாலியர் தாமஸ் அக்வினாஸ். இவருடைய பெரிய நூலான 'சும்மா தியோலோஜியே' எழுதப்பட்ட முறையே வித்தியாசமானது. ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் எதிர்த்தரப்பின் வாதம் வரும். அதன் பிறகுதான் அக்வினாஸின் பதில் வரும்.

'கடவுள் இருக்கிறாரா?' என்ற பகுதியில் அவர் ஐந்து வாதங்களை வைக்கிறார். உலகத்தில் இயக்கம் இருக்கிறது, காரண காரியம் இருக்கிறது, எனவே இவற்றுக்கெல்லாம் முதல் காரணம் ஒன்று இருக்க வேண்டும் என்பது போன்ற வாதங்கள் அவை. ஆனால் அந்த ஐந்துக்கும் முன்னால் அவர் எழுதி வைத்திருக்கும் முதல் ஆட்சேபம் என்ன தெரியுமா? தீமை இருக்கிறது, எனவே கடவுள் இல்லை என்பதுதான். எதிராளியின் பலமான ஆயுதம் எது என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்கும் அளவுக்கு வல்லவர் என்பதால்தான் கடவுள் தீமையை அனுமதிக்கிறார் என்பது அக்வினாஸின் பதில். இதற்கு அவர் ஆதாரமாகக் காட்டுவதும் அகஸ்டினைத்தான்.

'இதுதான் இருப்பதிலேயே நல்ல உலகம்' - லைப்னிட்ஸ்

1710-ல் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் இதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதற்காக அவர் உருவாக்கிய சொல்தான் 'தியோடிசி'. கடவுள், நீதி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அமைத்தது. கடவுளின் செயல் நியாயமானதே என்று நிறுவும் முயற்சி என்று புரிந்துகொள்ளலாம்.

நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ், இதையும் கணக்குப் போலவே அணுகினார். கடவுளால் எத்தனையோ விதமான உலகங்களைப் படைத்திருக்க முடியும். முழு அறிவும் முழு நன்மையும் உள்ள கடவுள் அவற்றில் சிறந்ததைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். எனவே குறைகளைச் சேர்த்துப் பார்த்தாலும், சாத்தியமான உலகங்களில் இதுதான் சிறந்தது. இந்த உலகத்தில் துன்பமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஒரு துன்பத்தை மட்டும் தனியாகப் பிடுங்கி எடுத்தால், அதோடு வேறு பெரிய நன்மைகளும் போய்விடலாம் என்றுதான் சொன்னார்.

லைப்னிட்ஸ் 1716-ல் இறந்துவிட்டார். 39 ஆண்டுகள் கழித்து லிஸ்பன் இடிந்தது.

லிஸ்பனுக்குப் பிறகு என்ன மாறியது?

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கொதித்துவிட்டார். லிஸ்பன் பேரழிவு பற்றி அவர் எழுதிய நீண்ட கவிதை 1756-ல் வெளியானது. 1759-ல் 'கேண்டீட்' என்ற நாவலையும் எழுதினார். அதில் வரும் பாங்லாஸ் என்ற ஆசிரியர், எத்தனை அடி வாங்கினாலும் எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டே இருப்பார். லைப்னிட்ஸ் பாணி நம்பிக்கையைக் கிண்டல் செய்வதற்காகவே உருவாக்கப்பட்ட பாத்திரம் அது.

சக சிந்தனையாளர் ரூஸோ, வால்டேருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறேழு மாடி வீடுகளை அவ்வளவு நெருக்கமாகக் கட்டியது இயற்கையா, மனிதர்களா என்று அதில் கேட்டார். உடைமைகளை எடுக்கத் திரும்பிப் போகாமல் உடனே வெளியேறியிருந்தால் இன்னும் பலர் பிழைத்திருப்பார்கள் என்றும் சொன்னார். இயற்கைப் பேரிடரில் மனிதர்களின் பங்கு என்ன என்ற இன்றைய விவாதத்தின் ஆரம்பகாலக் குரல் இது.

போர்ச்சுகல் அமைச்சர், பின்னாளில் பொம்பல் பிரபு என்று அறியப்பட்டவர், வேறு வேலை பார்த்தார். நாடு முழுக்க உள்ள பங்குத் தேவாலயங்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் உள்வாங்கியதா, பொங்கியதா? எத்தனை வீடுகள் விழுந்தன? பாதிரியார்கள் எழுதி அனுப்பிய பதில்கள் இன்றைக்கும் நிலநடுக்க ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன.

1955: சவால் விட்ட மேக்கி

20-ம் நூற்றாண்டில் இந்த விவாதம் பல்கலைக்கழகத் தத்துவத் துறைகளுக்குள் போனது. 1955-ல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே.எல்.மேக்கி 'மைண்ட்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். கடவுள் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்த மூன்று வரிகளும் ஒன்றோடு ஒன்று முரண்படுகின்றன, ஒரே நேரத்தில் மூன்றும் உண்மையாக இருக்கவே முடியாது என்றார்.

மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால்தான் தீமை வந்தது என்ற வழக்கமான பதிலுக்கும் அவரிடம் எதிர்க்கேள்வி இருந்தது. ஒரு மனிதன் சுதந்திரமாக ஒருமுறை நல்லதைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், எப்போதுமே நல்லதைத் தேர்ந்தெடுப்பதும் சாத்தியம்தானே? எல்லாம் வல்ல கடவுள் அப்படிப்பட்ட மனிதர்களை மட்டும் படைத்திருக்கலாமே?

1974: பிளாண்டிங்காவின் பதில்

இதற்கு அமெரிக்க கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா பதில் சொன்னார். 1974-ல் வெளியான அவருடைய நூல்கள் இந்த விவாதத்தின் போக்கையே மாற்றின.

அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான். சுதந்திரமான மனிதரைக் கடவுள் படைக்கலாம். ஆனால் அந்த மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதையும் கடவுளே முடிவு செய்துவிட்டால், அதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. சுதந்திரமுள்ள யாரைப் படைத்தாலும், ஒரு தடவையாவது அவர் தவறான வழியைத் தேர்ந்தெடுப்பார் என்பது சாத்தியம்தான். அப்படி இருக்கும்பட்சத்தில், சுதந்திரமும் இருந்து தீமையே இல்லாத உலகத்தைக் கடவுளால்கூட உருவாக்க முடியாமல் போகலாம்.

கவனியுங்கள், அவர் 'சாத்தியம்' என்று மட்டும்தான் சொன்னார். 'இதுதான் நடந்தது' என்று சொல்லவே இல்லை. மூன்று வரிகளும் ஒன்றாக இருக்கவே முடியாது என்ற குற்றச்சாட்டை உடைக்க, அவை ஒன்றாக இருக்கக்கூடிய ஒரு வழியைக் காட்டினாலே போதும்.

நீதிமன்ற உதாரணத்தில் சொன்னால் சட்டென்று புரியும். கொலை வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் உண்மையான கொலையாளி யார் என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. தன் கட்சிக்காரர்தான் செய்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டினால் போதும். பிளாண்டிங்கா செய்தது இந்த வேலையைத்தான். அதனால்தான் தன்னுடையது 'டிஃபென்ஸ்', அதாவது தற்காப்பு வாதம் மட்டுமே என்று தெளிவாகப் பிரித்தார். துன்பத்துக்குக் கடவுளின் காரணம் இன்னதுதான் என்று விளக்குவது 'தியோடிசி'. அதைத் தான் செய்யவில்லை என்றார்.

மேக்கியின் வலுவான குற்றச்சாட்டு நிற்கவில்லை என்பதை நாத்திகத் தத்துவவாதிகள் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். எல்லோரும் இல்லை. சொர்க்கத்தில் சுதந்திரமும் இருக்கும், பாவமும் இருக்காது என்கிறீர்களே, அதை இங்கேயே செய்திருக்கலாமே என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. இந்த வாழ்க்கையில் எடுத்த முடிவுகளால் பக்குவப்பட்டவர்கள்தான் அங்கே இருப்பார்கள் என்று கிறிஸ்தவத் தரப்பு பதில் சொல்கிறது.

நிலநடுக்கத்துக்கு எந்த மனிதன் காரணம்?

சரி, கொலைக்கும் போருக்கும் மனிதனின் சுதந்திரம் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். சுனாமிக்கு? குழந்தைக்கு வரும் புற்றுநோய்க்கு? சுதந்திர வாதம் இங்கேதான் திணறுகிறது. இதற்கு இரண்டு விதமான பதில்கள் அதிகம் சொல்லப்படுகின்றன.

ஒன்று, இயற்கை விதி வாதம். நெருப்பு சோறு சமைக்கும், அதே நெருப்பு கையையும் சுடும். இயற்கை ஒரே சீராக இயங்கினால்தான் மனிதன் திட்டமிட முடியும், பொறுப்போடு நடக்க முடியும். ஒவ்வொரு ஆபத்திலும் கடவுள் விதியை நிறுத்தினால், எந்தச் செயலுக்கும் விளைவே இருக்காது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்றவர்கள் இந்த வழியில் வாதிடுகிறார்கள்.

இன்னொன்று, பக்குவப்படுத்தும் வாதம். ஜான் ஹிக் என்ற இறையியலாளர் 1966-ல் இதை விரிவாக எழுதினார். இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியஸின் சிந்தனையிலிருந்து அவர் இதை எடுத்துக்கொண்டார். இந்த உலகம் சொகுசாகத் தங்கும் விடுதி இல்லை, மனித உள்ளம் வளரும் இடம். ஆபத்தே இல்லாத உலகத்தில் துணிச்சல் இருக்காது. துன்பமே இல்லாத உலகத்தில் இரக்கம் இருக்காது.

எதிர்க்கேள்வி உடனே வருகிறது. தொட்டிலில் இறந்த குழந்தை எந்த வகையில் பக்குவப்பட்டது? மற்றவர்கள் இரக்கம் கற்றுக்கொள்ள அந்தக் குழந்தை சாக வேண்டுமா?

இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாகக் கேட்டவர் ஒரு கிறிஸ்தவர் என்பது முக்கியம். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் இவான் என்ற பாத்திரம் பேசுகிறது. ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்துத்தான் உலகத்தின் நல்லிணக்கம் கிடைக்கும் என்றால், அது தனக்கு வேண்டாம் என்கிறான் அவன். 1878-ல் தஸ்தயேவ்ஸ்கி தன் மூன்று வயதுகூட நிரம்பாத மகனைப் பறிகொடுத்தார். அதன் பிறகு எழுதி முடித்த நாவல் இது. தன் நம்பிக்கைக்கு எதிரான வாதத்தை அவர் கொஞ்சமும் நீர்த்துப்போக விடவில்லை.

காட்டுத் தீயில் சிக்கிய மான்குட்டி

1979-ல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ விவாதத்தை வேறு பக்கம் திருப்பினார். கடவுளும் தீமையும் ஒன்றாக இருக்க முடியாது என்று நிரூபிக்கப்படவில்லை, ஒத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் முடியுமா என்பதை விடுங்கள், நம்பும்படியாக இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் சொன்ன உதாரணம் எளிமையானது. யாரும் இல்லாத காட்டில் மின்னல் விழுந்து தீ பிடிக்கிறது. ஒரு மான்குட்டி தீயில் வெந்து, பல நாள் துடித்து இறக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை, யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த வலியால் யாருக்கு என்ன நன்மை?

ஒரு காரணம் நமக்குத் தெரியவில்லை என்பதாலேயே காரணமே இல்லை என்று ஆகிவிடாது என்பது கிறிஸ்தவத் தரப்பின் முக்கியமான பதில். தடுப்பூசி போடும்போது அழும் கைக்குழந்தைக்கு அம்மா ஏன் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று தெரியாது. கடவுளுக்கும் மனிதனுக்கும் உள்ள அறிவு இடைவெளி அதைவிடப் பெரியது என்கிறார்கள்.

இதிலும் சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு துன்பத்துக்குப் பின்னாலும் தெரியாத நன்மை இருக்கலாம் என்றால், துன்பத்தைத் தடுப்பதே தப்பாகிவிடாதா? தவிர, அம்மா பக்கத்தில் இருப்பதையாவது அழும் குழந்தை உணர்கிறது. கடவுள் பக்கத்தில் இருப்பதே தெரியவில்லை என்பவருக்கு இந்த உதாரணம் எப்படிப் பொருந்தும்?

'பாவத்துக்குத் தண்டனை' என்ற ஆபத்தான பதில்

இந்த வாதங்களை எல்லாம் விடச் சுலபமான பதில் ஒன்று உண்டு. இறந்தவர்கள் பாவிகள், அதனால் தண்டனை. லிஸ்பனில் இதைச் சொன்னவர் மலாக்ரிடா என்ற இயேசு சபைத் துறவி. நிலநடுக்கத்துக்கு இயற்கைக் காரணம் தேடாதீர்கள், நகரத்தின் பாவங்கள்தான் காரணம் என்று 1756-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நகரத்தை மீண்டும் கட்டப் போராடிக்கொண்டிருந்த அமைச்சரோடு அவருக்கு மோதல் வெடித்தது. தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்ட மலாக்ரிடா, 1761-ல் மத விசாரணை மன்றத்தால் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டு கொல்லப்பட்டார்.

இது ஒரு மதத்துக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. 1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். தீண்டாமை எதிர்ப்பில் காந்தியோடு உடன்பட்ட தாகூரே இதைக் கடுமையாக மறுத்தார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு என்று அவர் எழுதிய மறுப்பை, காந்தி தன் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டார்.

கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை, இந்தத் தண்டனைப் பதிலுக்கு எதிரான சாட்சி பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. லூக்கா நற்செய்தியில், சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு குறிப்பிடுகிறார். எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். மனம் திரும்புங்கள் என்ற எச்சரிக்கையை அவர் கொடுத்தது, இறந்தவர்களை நோக்கி அல்ல, உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும், இவரும் இல்லை, இவருடைய பெற்றோரும் இல்லை என்றார் என்கிறது யோவான் நற்செய்தி.

வேளாங்கண்ணியில் எழுந்த அதே கேள்வி

தமிழ்நாட்டுக்கு இது புத்தகக் கேள்வி மட்டும் இல்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ரா அருகே கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த அலைகள் வேளாங்கண்ணிக் கடற்கரையையும் அடித்தன. ஆரோக்கிய அன்னை பேராலயத்துக்கு வந்திருந்த பக்தர்களும் வியாபாரிகளும் உட்பட நூற்றுக்கணக்கானோர் அங்கே உயிரிழந்தனர். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

பேராலயம் தப்பியதை அதிசயம் என்று நன்றியோடு சொன்னவர்கள் உண்டு. அப்போ கடற்கரையில் நின்றவர்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு பேருமே ஒரே நாளைத்தான் பார்த்தார்கள்.

லிஸ்பனைப் போலவே இங்கேயும் வேறொரு விதமான கேள்வி பலனைக் கொடுத்தது. அடுத்த முறை மக்களை எப்படிக் காப்பாற்றுவது? அதன் விளைவாக 2007-ல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

ஒரே எழுத்தாளர், இரண்டு புத்தகங்கள்

வாதத்துக்கும் வலிக்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொள்ள சி.எஸ்.லூயிஸின் வாழ்க்கை உதவும். 'நார்னியா' கதைகள் எழுதிய அதே லூயிஸ்தான். ஒன்பது வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். நாத்திகராக இருந்து, முப்பதுகளின் தொடக்க வயதில் கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவர். 20-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ நம்பிக்கைக்காக வாதாடியவர்களில் மிக அதிகமாக வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர்.

1940-ல் வலியைப் பற்றி 'தி ப்ராப்ளம் ஆஃப் பெய்ன்' என்ற நூலை எழுதினார். தெளிவான, அடுக்கடுக்கான வாதங்கள். அறிவு ரீதியான சிக்கலைத் தீர்ப்பது மட்டும்தான் தன் நோக்கம், வலியைத் தாங்கக் கற்றுக்கொடுக்கும் தகுதி தனக்கு இல்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்.

1960-ல் அவருடைய மனைவி ஜாய் டேவிட்மேன் புற்றுநோயால் இறந்தார். அந்த நாட்களில் லூயிஸ் நோட்டுப் புத்தகங்களில் எழுதிய குறிப்புகள், 1961-ல் 'எ கிரீஃப் அப்ஸர்வ்ட்' என்ற பெயரில் வெளிவந்தன. ஆசிரியர் பெயராக என்.டபிள்யூ.கிளார்க் என்ற புனைபெயர்தான் இருந்தது. அதில் வாதம் குறைவு. கோபம், சந்தேகம், அழுகை அதிகம். கடவுள் இல்லை என்ற பயத்தைவிட, இருக்கிற கடவுள் கொடியவரோ என்ற பயம்தான் அவரை அதிகம் உலுக்கியது. அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை. ஆனால் 1940-ல் எழுதிய வாதங்களை எடுத்து 1960-ன் காயத்துக்கு மருந்தாகப் போடவும் இல்லை.

யோபுவின் நண்பர்கள் செய்த தப்பு என்ன?

இந்த விவாதத்தில் கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் பைபிளின் யோபு நூல். எந்தத் தப்பும் செய்யாத யோபு பிள்ளைகளையும் சொத்தையும் ஆரோக்கியத்தையும் இழக்கிறார். மூன்று நண்பர்கள் பார்க்க வருகிறார்கள். ஏழு நாள் எதுவும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு வாயைத் திறக்கிறார்கள். கடவுள் நீதியுள்ளவர், எனவே நீ ஏதோ தப்பு செய்திருக்கிறாய் என்று மாற்றி மாற்றி வாதாடுகிறார்கள். அதாவது, கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். யோபுவோ கடவுளிடமே நேரடியாகச் சண்டை போடுகிறார்.

கடைசியில் கடவுள் பேசும்போது யோபுவின் துன்பத்துக்குக் காரணம் சொல்வதே இல்லை. படைப்பின் பிரமாண்டத்தைக் காட்டி, உனக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்கிறார். ஆனால் தீர்ப்பு யாருக்கு எதிராக வருகிறது? தனக்காக வாதாடிய அந்த நண்பர்களைத்தான் கடவுள் கோபித்துக்கொள்கிறார். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார்.

அப்போ இந்த வாதங்களால் என்ன பயன்?

இத்தனை நூற்றாண்டு விவாதத்தில் தெளிவான விஷயங்களை இப்படித் தொகுக்கலாம்.

* துன்பம் இருப்பதாலேயே கடவுள் இருக்க முடியாது என்று தர்க்க ரீதியாக நிரூபிப்பது, நினைத்ததைவிடக் கடினம். பிளாண்டிங்காவின் பங்களிப்பு இது.

* ஆனால் முரண்பாடு இல்லை என்று காட்டுவதும், கடவுள் இருக்கிறார் என்று நிரூபிப்பதும் ஒன்றல்ல. ரோவின் மான்குட்டி அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

* பொதுவாகத் துன்பம் ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். இந்தக் குழந்தைக்கு, இந்த நாளில் ஏன் என்பதற்கு எந்த விளக்கமும் கைவசம் இல்லை. நேர்மையான வாதிகள் இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

* பாதிக்கப்பட்டவர் மேல் பழி போடும் பதில், கிறிஸ்தவத்தின் சொந்த நூல்களிலேயே நிராகரிக்கப்பட்ட பதில்.

அறிவால் எழும் சந்தேகத்துக்கு அறிவால்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த வகையில் அகஸ்டின் முதல் பிளாண்டிங்கா வரை செய்த வேலை வீண் இல்லை. நம்புகிறவர் முட்டாள் இல்லை, கேள்வி கேட்கிறவர் கெட்டவர் இல்லை என்று இரண்டு தரப்பும் மரியாதையோடு பேச அது வழி செய்திருக்கிறது.

ஆனால் ஆஸ்பத்திரி வராண்டாவில் 'ஏன்?' என்று கேட்பவர் எல்லோரும் தத்துவக் கேள்வி கேட்பதில்லை. பல நேரம் அது வெறும் அழுகை. பதில் சொல்லும்போது சாந்தமாகச் சொல் என்ற பேதுரு நிருபத்தின் நிபந்தனை அங்கேதான் அர்த்தப்படுகிறது. யோபுவின் நண்பர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம், அந்த முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான்.